தகரக் கூரைப் பட்டறைக்கு எது: டக்ட் கூலரா, வெள்ளைப் பூச்சா?

அம்பத்தூர்ப் பக்கம் தகர ஷீட் போட்ட பட்டறைகளில் கத்திரி வெயில் நாட்களின் மதிய ஷிப்ட் எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் லேத் பட்டறைக்கு டக்ட் கூலரா (நனைந்த அட்டைப் 'பேட்' வழியே காற்றை இழுத்துக் குளிர்வித்து, குழாய் வழியே உள்ளே தள்ளும் இயந்திரம்), கூரைக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சா என்ற பேச்சு எழுந்தபோது நான் பூச்சின் பக்கம் நின்றேன். இன்றும் அங்கேதான்.

கூலரின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாட்டிய அன்றே சுகம் தெரியும். ஏசியைவிட மின்செலவு குறைவு. ஆனால் காற்று உலர்ந்த ஊர்களில் குளிர்விக்கும் அளவுக்குச் சென்னையின் கடற்காற்றில் குளிர்விக்காது. கதவை அடைத்துவிட்டு ஓட்டினால் உள்ளே ஈரம் ஏறி, வியர்வை காயாமல் உடம்பு இன்னும் புழுங்கும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது தண்ணீர். கூலர் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். இங்கே கிடைப்பதோ உப்பேறிய போர் தண்ணீர். பக்கத்துப் பட்டறைக் கூலரின் பேடைத் தொட்டுப் பார்த்தேன். அட்டை மடிப்புகளில் சாக்பீஸ்போல உப்பு இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அட்டையும் சேர்ந்து உதிர்ந்தது. காற்று புகும் கண்கள் பலவும் அடைபட்டிருந்தன. பேடை மாற்றலாம், மறுபடியும் அதே தண்ணீர்தானே? லாரித் தண்ணீர் வாங்கலாம் என்றால், கூலர் அதிகம் தேவைப்படும் மே மாதத்தில்தான் லாரிக்கும் கிராக்கி. தொட்டியைக் கழுவாமல் விட்டால் பாசியும் கொசுவும் தனிக் கணக்கு.

பூச்சு வேலை ஒருமுறைதான்: துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, இரண்டு கோட். தூசி படிந்தால் வெள்ளை மங்கி வெயிலைத் திருப்பும் திறன் குறையும். ஆகவே பங்குனியில் ஒருமுறை கூரையைக் கழுவுகிறோம். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் ஐப்பசி மழை தாங்காது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம்கூட 13ஆம் பிரிவில், வெப்பத்தைக் குறைக்கச் சுவரையும் கூரையையும் கவனிக்கச் சொன்னது.

பூச்சு பல ஆண்டுகள் நிற்கும் என்கிறார் கடைக்காரர். எங்கள் கூரை இன்னும் அத்தனை கோடை பார்க்கவில்லை. உலை எரியும் பட்டறைக்கு என் கணக்கு பொருந்தாது. சூடு உள்ளேயிருந்து வரும் இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் முதலில்.

எதை வாங்கினாலும், புதிதாகச் சேர்ந்தவருக்கும் நீண்ட விடுப்பு முடிந்து வருபவருக்கும் முதல் வாரம் வேலையைக் குறைத்துக் கொடுங்கள். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். சூட்டில் யாருக்காவது பேச்சு குழறினால் உடனே 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.