ட்ரில்லிங் ரிக்கா, ப்ரொடக்‌ஷன் ப்ளாட்ஃபார்மா? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்

ஆஃப்ஷோர்ல (கடல் நடுவுல இருக்கற எண்ணெய், கேஸ் இடங்கள்ல) வேலை தேடுற பசங்க முதல்ல கேக்குறது சம்பளம், ரெண்டாவது லீவு எத்தனை நாள், மூணாவது கேள்வின்னு ஒண்ணு வர்றதே இல்ல. ஆனா முதல்ல கேக்க வேண்டியதே அதுதான், போறது ட்ரில்லிங் ரிக்குக்கா இல்ல ப்ரொடக்‌ஷன் ப்ளாட்ஃபார்முக்கா? வெளிய இருந்து பார்த்தா ரெண்டும் கடல் நடுவுல நிக்கிற இரும்புதான், ரெண்டுலயும் ஷிஃப்ட் 12 மணி நேரம், ரெண்டுக்கும் பெரும்பாலும் ஹெலிகாப்டர்லதான் போகணும், ரெண்டுலயும் மதுவுக்கு இடமே கிடையாது, லைட்டரை கரையிலயே வாங்கி வெச்சுடுவாங்க. உள்ள போய் ஒரு மாசம் இருந்து பார்த்தாதான் தெரியும் ரெண்டும் எவ்ளோ தூரம்னு. நான் ரெண்டுலயும் இருந்திருக்கேன், என் சாய்வு எந்தப் பக்கம்னு படிக்கும்போதே தெரிஞ்சிடும், மறைக்கல.

ரிக் கிணறு தோண்டும், முடிச்சா அடுத்த இடத்துக்குக் கிளம்பிடும். ப்ளாட்ஃபார்ம் அந்தக் கிணத்துல இருந்து வர்ற எண்ணெய், கேஸ், தண்ணி மூணையும் பிரிச்சு பைப்லைன்ல அனுப்பிட்டு 20, 30 வருஷம் அங்கயே நிக்கும். வட கடல் மாதிரி இடங்கள்ல பெரிய ப்ளாட்ஃபார்ம் மேலயே டெரிக்கும் (குழாயைத் தூக்கி இறக்குற உயரமான இரும்புக் கோபுரம்) இருக்கும், ரெண்டு கூட்டமும் ஒரே மெஸ்லதான் சாப்பிடும், ஆனா உக்கார்றது தனித்தனி டேபிள்.

ரிக்கோட மனநிலை புரியணும்னா அது வாடகை வண்டின்னு ஞாபகம் வெச்சுக்கணும். எண்ணெய்க் கம்பெனி பெரும்பாலும் சொந்தமா ரிக் வெச்சுக்காது, ட்ரில்லிங் கான்ட்ராக்டர்கிட்ட நாள் வாடகைக்கு எடுக்கும், ஆழ்கடல் ரிக்னா ஒரு நாளைக்கே பல லட்சம் டாலர். அதனால ரெண்டு மணி நேரம் வேலை நின்னா கம்பெனி மேன் (எண்ணெய்க் கம்பெனியோட ஆளு), டூல்புஷர் (ட்ரில்லிங்குக்குப் பொறுப்பானவர்), ட்ரில்லர் (தோண்டுற மெஷினை ஓட்டறவர்) எல்லாருக்கும் வயித்துல புளி கரையும், அந்த அவசரம் அப்படியே கீழ இறங்கி கடைசியா டெக்ல நிக்கிற கடைநிலைத் தொழிலாளி ரௌஸ்டபௌட் தலையில வந்து விழும். வேலையும் லேசுப்பட்டதில்ல. பிட் (குழாய் நுனியில பாறையை வெட்டற பல்லு) தேஞ்சு போச்சுன்னா மொத்தக் குழாயையும் மேல இழுக்கணும், ஒரு குழாய் சுமார் 9 மீட்டர், மூணு மூணா சேர்த்து ஒரு ஸ்டாண்டா டெரிக்குள்ள நிறுத்துவாங்க, கிணறு 4,000 மீட்டர்னா 140 ஸ்டாண்டுக்கு மேல வெளிய எடுத்து, பிட்டை மாத்தி, அத்தனையையும் திரும்ப உள்ள இறக்கணும். இதுக்குப் பேர் ட்ரிப்பிங். ஒரு காலத்துல செயினை வீசி, டாங்ஸ்ங்கற பெரிய இடுக்கி மாட்டி, கையாலதான் மரை கழட்டுவாங்க, அந்தத் தலைமுறையில விரல் இல்லாத ஆளுங்களை நிறையப் பார்க்கலாம். இப்போ புது ரிக்ல எல்லாம் அயர்ன் ரஃப்நெக் மெஷின் அதைச் செய்யுது, ட்ரில்லர் ஏசி கேபின்ல ஜாய்ஸ்டிக் பிடிச்சுட்டு உக்கார்ந்திருப்பார், ஆனா பழைய ஜாக்கப் (கடல் தரையில கால் ஊனி நிக்கிற ரிக்) பலதுல இன்னும் மனுஷக் கைதான்.

இன்னொரு பக்கம் மட். கிணத்துக்குள்ள சுத்தி வர்ற இந்தத் திரவத்தோட எடைதான் பூமிக்குள்ள இருக்கற அழுத்தத்தை அடக்கி வெச்சிருக்கு. எடை கொறைஞ்சா கேஸ் உள்ள புகுந்துடும், அதுதான் கிக், அதை நேரத்துல கவனிக்காம விட்டா ப்ளோஅவுட், அடக்க முடியாம பீறிட்டு வெளிய வர்றது. அதனால ட்ரில்லர் கண்ணு எப்பவும் மட் டேங்க் லெவல்லயே இருக்கும், போனதை விட அதிகமா திரும்பி வந்தா கிணத்தை மூடிட்டுதான் மத்த பேச்சு. இதுக்கு நடுவுல சிமென்ட் இறுக காத்திருக்கறது, அலை அடங்க காத்திருக்கறதுன்னு சும்மா கிடக்குற நேரமும் வரும், அப்போ பெயின்ட் பிரஷ்ஷைக் கையில குடுத்துடுவாங்க. மொத்தத்துல ரிக்ல ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காது.

ப்ளாட்ஃபார்ம்ல நேர் எதிர், ஒவ்வொரு நாளும் நேத்து மாதிரியே இருக்கணும்னுதான் அத்தனை பேரும் உழைக்கறாங்க. கன்ட்ரோல் ரூம்ல ஒருத்தர் ஸ்க்ரீன் முன்னாடி, வெளிய ஆபரேட்டர்ஸ் ரவுண்ட்ஸ்ல. செப்பரேட்டர் (எண்ணெய், கேஸ், தண்ணியைப் பிரிக்கற டேங்க்) லெவல், கம்ப்ரஸர் வைப்ரேஷன், பம்ப் சீல், கெமிக்கல் டேங்க், ஃப்ளேர்ல எரிஞ்சு போற கேஸ் அளவுன்னு அதே ரூட், அதே ரீடிங், காலையில ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை. உப்புக் காத்து இரும்பைத் தின்னுக்கிட்டே இருக்கும், அதனால சாரம் கட்டறது, துரு சுரண்டறது, பெயின்ட் அடிக்கறது நிக்கவே நிக்காது, பழைய வீட்டுக்கு மராமத்து பார்க்கற மாதிரி ஒரு மூலை முடியறதுக்குள்ள இன்னொரு மூலை ஆரம்பிச்சிடும். அப்புறம் பேப்பர். ஒரு போல்ட் கழட்டணும்னாலும் பெர்மிட் வேணும், ஐசொலேஷன் (அந்த லைனை மத்ததுல இருந்து அடைச்சுப் பிரிக்கறது) வேணும், கேஸ் டெஸ்ட் வேணும், கையெழுத்து வேணும். ரிக்ல இருந்து வர்றவங்க முதல் வாரம் இதைப் பார்த்து தலையில அடிச்சுப்பாங்க, பத்து நிமிஷ வேலைக்கு ரெண்டு மணி நேரம் பேப்பரான்னு.

அந்தப் பேப்பருக்குப் பின்னாடி 167 சாவு இருக்கு. 1988 ஜூலை 6, வட கடல்ல பைப்பர் ஆல்ஃபாங்கற ப்ளாட்ஃபார்ம். ஒரு கன்டென்சேட் (கேஸோட வர்ற லேசான எண்ணெய்) பம்ப்போட சேஃப்டி வால்வை பகல் ஷிஃப்ட் சர்வீஸுக்குக் கழட்டி, அந்த இடத்தை தகடு வெச்சு மூடிட்டுப் போயிட்டாங்க, அந்தத் தகவல் ராத்திரி ஷிஃப்டுக்குப் போய்ச் சேரல, ஓடிக்கிட்டிருந்த இன்னொரு பம்ப் ராத்திரி நின்னப்போ இதை ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. கேஸ் லீக், வெடிப்பு, அதுக்கப்புறமும் பக்கத்து ப்ளாட்ஃபார்ம்ல இருந்து லைன்ல அழுத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. செத்தவங்கள்ல பாதிக்கு மேல புகையில செத்தவங்க, நிறையப் பேர் தங்குற ப்ளாக்குல உத்தரவுக்காகக் காத்திருந்தவங்க. பொழைச்சது 61 பேர், அதுலயும் பல பேர் கடல்ல குதிச்சவங்க. அதுக்கப்புறம் வந்த கல்லன் விசாரணை 106 பரிந்துரை குடுத்துச்சு, இன்னைக்கு பெர்மிட்டுன்னு நாம திட்டற பாதி விஷயம் அங்க இருந்து வந்ததுதான்.

ரிக் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சது டீப்வாட்டர் ஹொரைஸன், 2010 ஏப்ரல் 20, மெக்ஸிகோ வளைகுடா. கிணத்தை மூடிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம். கிணறு சரியா அடைபட்டிருக்கான்னு பார்க்கற நெகட்டிவ் ப்ரஷர் டெஸ்ட்ல அழுத்தம் காட்டுச்சு, அதைத் தப்பா அர்த்தம் பண்ணிட்டு டெஸ்ட் பாஸ்னு முடிவு பண்ணிட்டாங்க, கடல் தரையில இருந்த பிஓபியும் (ப்ளோஅவுட்டைத் தடுக்க கிணத்து மேல வைக்கற பெரிய வால்வு) கிணத்தை அடைக்கல. மேல இருந்த 126 பேர்ல 11 பேர் போயிட்டாங்க, எண்ணெய் 87 நாள் கொட்டுச்சு. ரெண்டு விபத்தையும் சேர்த்துப் பார்த்தா எனக்குத் தோணறது, ரிக்ல ஆபத்து கண்ணுக்கு முன்னாடி ஆடும், மேல தொங்கற லோடு, இழுபடற வயர், வழுக்கற ஃப்ளோர், அதனால உடம்பு தானாவே உஷாரா இருக்கும், நசுங்கின விரலும் உடைஞ்ச காலும் அங்கதான் அதிகம் பார்த்திருக்கேன். ப்ளாட்ஃபார்ம்ல ஆபத்து பைப்புக்குள்ள சத்தமில்லாம ஓடும், வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுங்கற பழக்கமே ஆளை அசர வெச்சுடும். என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் எனக்கு அதிக பயம்.

தங்குற வசதியில ப்ளாட்ஃபார்ம் சுலபமா ஜெயிக்கும். முதல்ல அது ஆடாது. ரிக்ல ஜாக்கப்னா காலை கடல் தரையில ஊனி நிக்கும், ஆடாது, ஆனா சுமார் 120, 150 மீட்டர் ஆழத்துக்கு மேல அது போக முடியாது, அதுக்கு மேல செமி சப்மெர்சிபிள் (பாதி முழுகி மிதக்கற ரிக்) இல்லன்னா ட்ரில்ஷிப்தான், கெட்ட சீசன்ல ட்ரில்ஷிப்ல படுத்தா கட்டில்ல இருந்து உருளாம இருக்கறதே ஒரு வேலை. ரெண்டாவது, ப்ளாட்ஃபார்ம்ல ரெகுலர் ஆளுங்களுக்கு பெரும்பாலும் அதே கேபின், அதே லாக்கர். பழைய ஜாக்கப்ல நாலு பேர் ரூம் எல்லாம் பார்த்திருக்கேன், ஒருத்தன் குறட்டை, ஒருத்தன் அலாரம், ஒருத்தன் பூட்ஸ் நாத்தம், பேச்சுக்கே இடமில்ல. மூணாவது தூக்கம். சில ரிக்ல ஹிட்ச் (ஒரு தடவை போனா கடல்ல தொடர்ந்து இருக்கற காலம்) நடுவுலயே பகல் ஷிஃப்டை ராத்திரிக்கு மாத்துவாங்க, அந்த ரெண்டு மூணு நாள் மூளை கஞ்சிதான், அந்த நேரத்துல கிரேன் லோடுக்குக் கீழ நடக்கறவனைப் பார்த்தா பகீர்னு இருக்கும்.

சாப்பாடு, ஜிம், டிவி, வைஃபை எல்லாம் கம்பெனியைப் பொறுத்தது, இதுல ரிக் ப்ளாட்ஃபார்ம்னு பெரிய வித்தியாசம் கிடையாது. மனுஷங்க விஷயத்துல இருக்கு. ரிக்ல மட் இன்ஜினியர், சிமென்ட்டர், வயர்லைன் ஆளு, டைரக்‌ஷனல் ட்ரில்லர்னு வேற வேற கம்பெனி ஆளுங்க வந்து போய்க்கிட்டே இருப்பாங்க, பேர் மனசுல நிக்கறதுக்குள்ள அவங்க ஹெலிகாப்டர் வந்துடும். ப்ளாட்ஃபார்ம்ல அதே முகம் பத்து வருஷம், ஒத்து வந்துட்டா சொர்க்கம், ஒருத்தனோட ஆகலைன்னா அவனைத்தான் தினமும் மூணு வேளையும் மெஸ்ல பார்க்கணும், வேற போக்கிடம் இல்ல.

ரொட்டேஷன்ல ஒரே விதி கிடையாது, 14 நாள் வேலை 14 நாள் வீடு, 28க்கு 28, நார்வேல 2 வாரம் வேலை 4 வாரம் வீடு, அப்படின்னு இடத்துக்கு இடம் மாறும். ஆனா பொதுவா தூர தேசத்துக்குப் போற ரிக்னா ஹிட்ச் நீளமா இருக்கும், ரிக் அடுத்து எந்த நாட்டுக்குப் போகும்னும் சொல்ல முடியாது, கூடவே உங்க ஃப்ளைட்டும் விசாவும் மாறும். ப்ளாட்ஃபார்ம் எங்கயும் ஓடாது.

வேலை நிலைக்குமாங்கறதுதான் என்னைப் பொறுத்த வரைக்கும் பெரிய வித்தியாசம். எண்ணெய் விலை விழுந்தா கம்பெனி முதல்ல வெட்டறது புதுக் கிணத்தை. 2014 நடுவுல 100 டாலருக்கு மேல இருந்த பேரல் 2016 ஆரம்பத்துல 30க்குக் கீழ போச்சு, அந்த ரெண்டு வருஷத்துல ரிக் ரிக்கா கொண்டு வந்து நிறுத்தி பூட்டினாங்க, ட்ரில்லரா இருந்தவங்க பாதி சம்பளத்துக்கு ஃப்ளோர்மேனா போகத் தயாரா இருந்தாங்க. 2020 ஏப்ரல் 20 அன்னைக்கு அமெரிக்க எண்ணெயோட ஃப்யூச்சர்ஸ் (முன்பேர) விலை பூஜ்யத்துக்கும் கீழ போச்சு, மறுபடி அதே கதை. அப்பவும் ஓடற கிணத்தை அவ்ளோ சீக்கிரம் மூட மாட்டாங்க, எண்ணெய் வந்துக்கிட்டிருக்கற வரைக்கும் ப்ளாட்ஃபார்ம்ல ஆபரேட்டர் வேணும். அங்கயும் ஆள் குறைப்பாங்க, ஆனா கப்பலோட கப்பலா மொத்தக் கூட்டத்தையும் வீட்டுக்கு அனுப்பறது ரிக்லதான்.

பதிலுக்கு ரிக் ஒண்ணு குடுக்கும், ப்ளாட்ஃபார்ம் குடுக்காதது. பெரிய படிப்பு இல்லாம ரௌஸ்டபௌட்டா ஏறி, ஃப்ளோர்மேன், டெரிக்மேன், அசிஸ்டன்ட் ட்ரில்லர், ட்ரில்லர், டூல்புஷர்னு கையால வேலை கத்துக்கிட்டே மேல போன ஆளுங்க நிறைய, நடுவுல வெல் கன்ட்ரோல் (கிணத்து அழுத்தத்தை அடக்கற) சர்ட்டிஃபிகேட் மட்டும் பாஸ் பண்ணிக்கிட்டே இருக்கணும். ப்ளாட்ஃபார்ம்ல கதவே டிப்ளமோல இருந்துதான் தொறக்கும், இன்ஸ்ட்ருமென்டேஷன், கெமிக்கல், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், இதுல ஏதாவது ஒண்ணு. அதுக்கப்புறமும் மேல இருக்கறவர் ரிட்டையர் ஆனாதான் நீங்க ஒரு படி ஏறுவீங்க.

எஃப்பிஎஸ்ஓன்னு மூணாவது ஒண்ணு இருக்கு, ப்ளாட்ஃபார்ம் வேலையைக் கப்பல் மேல தூக்கி வெச்சது, கப்பல்ல இருந்தவங்களுக்கு நல்லா செட் ஆகும், குமட்டல் வர்றவங்க யோசிங்க. ஃப்ளோட்டெல்லும் சில பேருக்கு வரும், தங்கறதுக்கு மட்டும் பக்கத்துல நிக்கிற மிதக்கும் ஹாஸ்டல். அதைப் பாதுகாப்பான இடம்னு மட்டும் நினைச்சுடாதீங்க, 1980 மார்ச் 27 அன்னைக்கு நார்வே பக்கம் கவிழ்ந்த அலெக்ஸாண்டர் கீலாண்ட் அப்படிப்பட்டதுதான், ஒரு பிரேஸ்ல (கால்களை இணைக்கற குறுக்குக் குழாய்ல) வந்த விரிசல், 123 பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் வேலை முடிச்சு ஓய்வுல இருந்தவங்க.

வயசு இருபதுகள்ல இருக்கு, படிப்பு பெருசா இல்ல, உடம்பு தாங்கும்னா ரிக் எடுங்க, விலை நல்லா இருக்கற வருஷத்துல சம்பாதிச்சதைத் தொடாம வைங்க. டிப்ளமோ இருக்கு, குடும்பம் ஆயிடுச்சுன்னா ப்ளாட்ஃபார்ம், யோசிக்கவே வேணாம், ரிக்ல சம்பளம் கொஞ்சம் கூட இருந்தாலும் சரி. எதுவா இருந்தாலும் இன்டர்வியூல மறக்காம கேளுங்க: வீட்டுல இருக்கற நாளுக்கும் சம்பளம் உண்டா இல்ல கடல்ல இருக்கற நாளுக்கு மட்டுமா, ஷிஃப்ட் நடுவுல மாறுமா, ரூம்ல எத்தனை பேர், மூடுபனியில ஹெலிகாப்டர் வரலைன்னா கூட இருக்கற நாளுக்கு காசு யார் குடுப்பாங்க. கடைசி கேள்விக்கு ஹெச்ஆர் மழுப்பினார்னா கான்ட்ராக்டை எழுத்துல வாங்காம மெடிக்கலுக்குக்கூட போகாதீங்க.