குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நாய்க்குட்டி வாங்குபவர்கள் தயவுசெய்து படியுங்கள்: ரூ.18,500 கொடுத்து நாங்கள் ஏமாந்த விவரம்

பன்னிரண்டு நாள்களுக்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் ரூ.18,500 கொடுத்து நாங்கள் வாங்கிவந்த நாய்க்குட்டி நேற்று முன்தினம் அதிகாலை இறந்துவிட்டது. என் நான்கு வயது மகனுக்கு இன்று காலை வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் மூன்றாவது தவணை போடப்பட்டது. இந்த இரண்டுக்கும் அந்தக் கடையில் எங்கள் கண்ணெதிரே நிரப்பிக் கொடுக்கப்பட்ட ஒரு பொய்யான தடுப்பூசி அட்டையே காரணம் என்பதால், இதை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கண்ணாடிக் கூண்டுகளில் குட்டிகளை வைத்து, மீன் தொட்டிகளும் பறவைகளும் சேர்த்து விற்கும் கடை என்று மட்டும் சொல்கிறேன். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நாங்கள் உதகையில் இருக்கிறோம். என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணிக்கும் போகிறவர். நான் வீட்டிலேயே பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இரண்டு ஆண்டுகளாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். தையல் கூலியில் சிறிது சிறிதாக ஒதுக்கிவைத்த பணம் சேர்ந்ததால், அரையாண்டு விடுமுறையில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். ரூ.18,500 என்பது சிலருக்குச் சிறிய தொகையாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது ஒரு பருவம் முழுவதும் தைத்த கூலி.

டிசம்பர் 27, சனிக்கிழமை, நால்வரும் மலையிறங்கிப் போனோம். அந்தக் கடையில் இருந்தவர் எங்களிடம் எதையும் விற்க அவசரப்படவில்லை என்பதைத்தான் நான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். என் மகன் முதலில் கைகாட்டியது பழுப்பு நிறக் குட்டி ஒன்றை. அவர் அதை எடுத்துக் கொடுக்கவே மறுத்துவிட்டார். “வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்குதுங்களா? அப்படீன்னா அதைத் தர மாட்டேனுங்க. அதுக்கு இன்னும் ஊசி போடலை” என்றார். பிறகு பக்கத்துக் கூண்டில் மஞ்சள் விளக்கின் அடியில் சுருண்டு கிடந்த கறுப்பு லேப்ரடார் குட்டியை எடுத்து, என் மகளைத் தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொல்லி, அவள் மடியில் வைத்தார். குட்டி அவளுடைய ஸ்வெட்டர் கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. அது சாதுவான குட்டி என்று நான் நினைத்தேன். அது சோர்ந்து கிடந்த குட்டி என்பதைப் பின்னால் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஒரு குட்டியை விற்க மறுத்த மனிதர் இன்னொன்றைப் பற்றிப் பொய் சொல்வார் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்? என் குழந்தைகளின் பாதுகாப்பை என்னைவிட அவர் அக்கறையாகக் கேட்டார். நான் உதகைக் குளிரைப் பற்றிக் கேட்டேன். வீட்டு வாசலில் காலையில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும் காலம், இவ்வளவு சிறிய குட்டி தாங்குமா என்று கேட்டேன். “லேப்ரடார் குளிர் நாட்டு நாயிங்க, ஊட்டியில ராஜா மாதிரி இருக்கும்” என்றார். இந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 28 அன்று பிறந்தது, இன்றோடு அறுபது நாள் முடிகிறது என்று சொல்லி ஓர் அட்டையை நிரப்பினார். டிசம்பர் 8 அன்று பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்), டிஸ்டெம்பர் ஆகிய நாய் நோய்களுக்கான ஊசி, டிசம்பர் 15 அன்று ரேபீஸ் என்னும் வெறிநோய்க்கான ஊசி, இரண்டு முறை குடற்புழு மருந்து என்று வரிசையாக எழுதி, ஒரு ரப்பர் முத்திரையைக் குத்தினார். ரூ.5,000-ஐக் கைபேசி வழியாகவும் மீதி ரூ.13,500-ஐ ரொக்கமாகவும் வாங்கிக்கொண்டார். கைபேசியில் பணம் போய்ச் சேர்ந்தது கடையின் பெயரில் உள்ள கணக்குக்கு அல்ல, யாரோ ஒரு தனிநபரின் பெயருக்கு. ரசீது கேட்டபோது ‘மதிப்பீடு’ என்று தலைப்பிட்ட சிறிய தாளில் ரூ.18,500 என்று மட்டும் எழுதித் தந்தார். அதன் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருந்தது. அட்டைப் பெட்டியில் துணி விரித்து, குட்டியை வைத்து, கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி இரவு எட்டு மணிக்கு வீடு வந்தோம். வழியிலேயே என் மகள் அதற்கு ‘மிளகு’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

முதல் இரண்டு நாள்கள் எங்கள் வீடு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கூடையின் அடியில் வைப்பது மகளின் வேலை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அதை மாற்ற நான் எழுந்தேன். இரவில் கரி அடுப்புக் கணப்பை மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது என்பதால் கூடையை எங்கள் கட்டிலோடு ஒட்டியே வைத்திருந்தோம். மகன் தன்னுடைய பழைய கம்பளிக் காலுறையை அதற்குப் போர்த்திவிட்டு, அது மூச்சுவிடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பான். எங்கள் தெருப்பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு என்பதால் குட்டியை வாசற்படிக்கு வெளியே நாங்கள் விட்டதே இல்லை. எங்கள் வீட்டில் இதற்கு முன் நாய் வளர்ந்ததும் இல்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

மூன்றாம் நாள் மிளகு பால்சோற்றைத் தொடவில்லை. கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, இடம் மாறினால் அப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் சரியாகும் என்றார்கள். அவர்கள் பேச்சை நம்பி அந்த இரண்டு நாள்களை வீணாக்கினேன். டிசம்பர் 31 அன்று மாலை, விளையாட்டாகத் தூக்கிய என் மகனின் சுண்டுவிரலில் குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தது. ஊசி போட்ட குட்டிதானே என்று கழுவித் துடைத்து மஞ்சள் வைத்துவிட்டேன். அன்று இரவே குட்டி வாந்தியெடுத்தது. விடிவதற்குள் ரத்தம் கலந்து பேதியாகத் தொடங்கியது. அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

புத்தாண்டு நாளன்று காலை கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் முதலில் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பக்கத்துப் பால்பற்கள் முழுமையாக முளைக்கவில்லை என்றும், எட்டு வாரத்தில் பால்பற்கள் எல்லாம் வந்திருக்க வேண்டும் என்றும், இது வாங்கிய அன்று ஐந்து வாரத்துக்கு மேல் இருந்திருக்காது என்றும் சொன்னார். தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்க வேண்டிய, தன் உடம்புச் சூட்டைத் தானே சரியாகக் காத்துக்கொள்ள முடியாத குட்டி அது. அடுத்து அட்டையை வாங்கிப் பார்த்தார். தடுப்பு மருந்துக் குப்பியின் மேலிருந்து உரித்து ஒட்டப்படும் சீட்டு ஒன்றுகூட அதில் இல்லை, மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லை. ரேபீஸ் ஊசியைப் பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடுவார்கள், நாற்பத்தெட்டு நாளில் போட்டதாக எழுதியிருப்பதே இந்த அட்டை பொய் என்பதற்குப் போதுமானது என்றார். குடற்புழு மருந்து இரண்டு முறை கொடுத்ததாக எழுதியிருந்த குட்டியின் மலத்தில் புழுக்கள் நெளிந்தன. பரிசோதனைப் பட்டையில் பார்வோ இருப்பது உறுதியானது. நோய்க்கிருமி உடம்புக்குள் போய்ப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள்களுக்குள் அறிகுறி தெரியும் என்பதால், வீட்டைவிட்டு வெளியே காலே வைக்காத குட்டிக்கு இந்த நோய் எங்கிருந்து வந்திருக்கும் என்று அவர் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பார்வோ மனிதர்களுக்குத் தொற்றாது என்று அவர் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அடுத்த நொடியே, குழந்தைகள் யாரையாவது கடித்ததா, கீறியதா என்று கேட்டார். என் மகனின் விரலைக் காட்டினேன். தடுப்பூசி போடாத, தாய் எது என்றே தெரியாத குட்டி கடித்து ரத்தம் வந்திருக்கிறது, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்றார். விடுமுறை நாளாகையால் அவசரப் பிரிவில் காத்திருந்தோம். அங்கே காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவைத்து, தடுப்பூசியோடு, கிருமியை உடனடியாக எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் அந்தச் சிறிய விரலின் காயத்தைச் சுற்றியே செலுத்தினார்கள். நான்கு வயதுக் குழந்தையை மூன்று பேர் பிடித்துக்கொண்டோம். “மிளகு தெரியாமத்தான் கடிச்சுச்சும்மா” என்று அவன் அலறியது என் காதைவிட்டுப் போகவில்லை. ஜனவரி 1, 4, இன்று 8 என மூன்று தவணைகள் முடிந்தன. 29ஆம் தேதி இன்னொன்று இருக்கிறது.

இனி அந்தக் கடையின் பதில்களைக் கேளுங்கள். முதல் நாள், “பால் குடுத்தீங்களா? அதான் பேதி” என்றார்கள். இரண்டாம் நாள், உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார் என்றார்கள். பரிசோதனை முடிவையும் அட்டையையும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் வரவில்லை. மூன்றாம் நாள் என் கணவர் வேறு எண்ணிலிருந்து அழைத்தபோது, குட்டியை எடுத்து என் மகளின் மடியில் வைத்த அதே மனிதர் பேசினார். “ஊட்டிக் குளிருக்கு இத்தனை சின்னக் குட்டியைக் கொண்டுபோனது உங்க தப்புங்க, நாங்க என்ன பண்ண முடியும்?” என்றார். ராஜா மாதிரி இருக்கும் என்று சொன்ன வாய்தான் இதையும் சொன்னது. சின்னக் குட்டி என்று அவரே சொன்னதைச் சுட்டிக்காட்டி, அறுபது நாள் என்று எழுதியது யார் என்று என் கணவர் கேட்டதும் இணைப்பைத் துண்டித்தார்.

ஐந்து நாள்கள் தினமும் காலையில், உறைபனியைத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பி, வெந்நீர்ப் பையோடு கூடையில் தூக்கிக்கொண்டு போய் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி வந்தோம். மருத்துவச் செலவு மட்டும் ரூ.11,200 ஆனது. அந்த மருத்துவரிடம் எனக்குக் குறை எதுவுமில்லை. இந்த நோயில் பெரும்பாலும் குட்டியைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வழி என்று முதல் நாளே அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். ஆறாம் தேதி அதிகாலை நான்கு மணிக்கு மிளகு என் மடியில் இறந்தது. அதைக் கொன்றது எங்கள் ஊர்க் குளிர்தான் என்று என் மகள் நம்புகிறாள், ஏனென்றால் தொலைபேசியில் அந்த ஆள் பேசியதை அவளும் கேட்டிருந்தாள். வெந்நீர்ப் பையை நேரத்துக்கு மாற்றாததால் இறந்துவிட்டதா என்று என்னிடம் கேட்கிறாள். ரூ.18,500-ஐக்கூட என்றாவது மறப்பேன், ஏழு வயதுக் குழந்தையின் தலையில் இந்தப் பழியை ஏற்றியதை மறக்க மாட்டேன்.

இறந்த செய்தியைச் சொன்னதும் கடைக்காரர் தந்த கடைசிப் பதில்: பாதி விலைக்கு, அதாவது ரூ.9,250-க்கு, இன்னொரு குட்டி தருகிறாராம். பார்வோக் கிருமி வீட்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஊசி முழுமையடையாத குட்டியை இப்போது இங்கே கொண்டுவரவே கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். குட்டிகளை விற்றே பிழைக்கும் ஒருவருக்கு இது தெரியாதா?

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை எழுதுவதாகச் சொன்னேன், ஆனால் மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் தரை முழுவதையும் பிளீச்சிங் கரைசலால் துடைத்து முடிக்க வேண்டும். ஆகவே முக்கியமானவற்றை மட்டும் எழுதுகிறேன். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது சட்டப்படியே தடைசெய்யப்பட்டது. 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடைக்கு மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவு இருக்க வேண்டும், அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தாய் நாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். குப்பிச் சீட்டும் மருத்துவர் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லாத அட்டை வெறும் காகிதம். கடையின் பெயரில் அல்லாத கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், முறையான ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். வாங்கிய அன்றே, வீட்டுக்குப் போவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டியின் பல் குழந்தைமேல் பட்டால் என்னைப் போல மஞ்சள் வைத்துக்கொண்டு உட்காராமல் சோப்புப் போட்டுக் கழுவி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் நேற்றே புகாரைப் பதிவு செய்துவிட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்பதால் உதகையிலேயே தாக்கல் செய்யப் போகிறோம். நாம் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. கண்ணாடிக் கூண்டுக் கடையில் இதேபோல் சீட்டில்லாத அட்டையோடு குட்டி வாங்கி இழந்தவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் யாரேனும் இருந்தால், அந்த அட்டையையும் மதிப்பீட்டுத் தாளையும் கிழித்துப் போடாமல் வைத்திருந்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.