கோன்ஃபி ஜாடியா, அல்சாஸ் பீங்கான் ஜாடியா?

பழைய பிரெஞ்சு ஜாடி என்று கேட்டால் கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது கோன்ஃபி ஜாடியைத்தான். தென்மேற்கு பிரான்சில் வாத்துக் கறியை அதன் கொழுப்பிலேயே வேகவைத்து, அந்தக் கொழுப்பையே ஊற்றி மூடி, மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருந்த மண் ஜாடி. வெளியே மேல்பாதிக்கு மட்டும் மஞ்சள் அல்லது பச்சைப் பூச்சு. குளிர்ச்சிக்காக நிலவறைத் தரையில் புதைத்து வைத்ததால் கீழ்ப்பாதியை வெறும் மண்ணாகவே விட்டார்கள் என்பார்கள். பூச்சு வழிந்து நடுவயிற்றில் நின்றுபோன அந்தக் கோடு கொள்ளை அழகு. அலமாரியில் வைக்க மட்டும்தான் என்றால் யோசிக்காமல் இதை வாங்குங்கள்.

எனக்கு வேண்டியிருந்தது தினமும் கைபடும் ஜாடி. அதனால் கிழக்கு பிரான்சில் உள்ள அல்சாஸ் பகுதியின் பெட்ச்டோர்ஃப் ஊர்ப் பீங்கான் ஜாடியை எடுத்தேன். சாம்பல் நிற உடம்பு, மேலே கோபால்ட் நீலத்தில் பூவேலை.

முடிவு செய்தது காரீயம் என்ற நச்சு உலோகம். கோன்ஃபி ஜாடியைக் குறைந்த சூட்டில் சுட்டார்கள். அந்தச் சூட்டில் பூச்சு உருக வேண்டுமே, அதற்குத்தான் காரீயம். புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும். பச்சைப் பூச்சில் செம்பும் சேர்வதால் இன்னும் எளிதாக இறங்கும். எவ்வளவு கழுவினாலும் இது போகாது. தவிர, பழைய பூச்சில் மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கும்; அவை வழியே ஊறிய கொழுப்பின் சிக்கு வாடை வெயில் நாளில் எழும்.

பெட்ச்டோர்ஃப் ஜாடி சுமார் 1,250 டிகிரி செல்சியஸில் வெந்தது. அந்தச் சூட்டில் சூளைக்குள் உப்பை வீசுவார்கள். உப்பின் ஆவி களிமண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகிவிடும். காரீயத்துக்கு அங்கே வேலையே இல்லை. தடவினால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு தெரியும். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மண் ஜாடி மொத்தென்று சொல்லும். வாங்கும்போது தட்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் அந்த ஒலியே காட்டிக்கொடுக்கும்.

என் ஜாடியில் எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது. உப்பும் புளிப்பும் சேர்ந்தும் வாடையோ கறையோ பிடிக்கவில்லை. அடுப்பில் மட்டும் ஏற்றாதீர்கள், திடீர்ச் சூட்டில் வெடிக்கும். கசூலே (பீன்ஸும் கறியும் சேர்த்து மெதுவாக வேகவைக்கும் பிரெஞ்சு உணவு) போல ஓவனில் வேகவைக்கப் பழையது எதுவும் வேண்டாம்; காரீயம் இல்லாத புது மண்சட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுவிலை பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன், நான் விற்றுப் பார்த்ததில்லை. நான் சுற்றிய சந்தைகளில் வீட்டு அலங்காரக்காரர்கள் தேடி வந்தது கோன்ஃபியைத்தான். பீங்கான் ஜாடி குறைந்த விலைக்கே கிடைத்தது.