ட்ரூல்ஸ் ரூல் எஞ்சின்: நீண்ட நாள் ஓட்டினால் எங்கே சிக்கும், எப்படி எழுதினால் சிக்காது

ட்ரூல்ஸ் என்பது ஜாவாவில் இயங்கும் ரூல் எஞ்சின்: "இப்படி இருந்தால் இதைச் செய்" என்று ரூல்களை எழுதிவைத்தால், உள்ளே போடும் தரவுகளுக்கு (ஃபேக்ட்கள்) எது பொருந்துகிறதோ அதை ஓட்டும். அதில் ரூல்கள் முப்பது நாற்பது இருக்கும்வரை எல்லாம் அழகாக ஓடும். சில நூறைத் தாண்டும்போதுதான் "இந்த ரூல் ஏன் ஓடவில்லை", "அந்த ரூல் ஏன் இரண்டு முறை ஓடியது" என்ற கேள்விகள் வரிசைகட்டும். அப்போது எஞ்சினைத் திட்டுவது வழக்கம். ஆனால் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் எஞ்சின் சொன்னதைத்தான் செய்திருக்கும். எழுதியவர் மனதில் மேலிருந்து கீழே இறங்கும் இஃப்-எல்ஸ் இருந்திருக்கும். எஞ்சினுக்கோ நீங்கள் எழுதிய வரிசையில் அக்கறையே கிடையாது. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இதிலிருந்து முளைப்பவைதான்.

முதல் அறிகுறி சேலியன்ஸ், அதாவது ரூலுக்குக் கொடுக்கும் முன்னுரிமை எண்; பெரிய எண் முதலில் ஓடும். எதுவும் குறிப்பிடாவிட்டால் அதன் மதிப்பு 0. ஒருவர் 10 போடுவார், அடுத்தவர் அதற்கு முன்னால் ஓடவேண்டும் என்று 20 போடுவார், மூன்றாமவர் பாதுகாப்புக்கு 1000 போடுவார். ஒரு ரூல் ஃபைலைத் திறந்ததும் நான்கைந்து விதமான சேலியன்ஸ் எண்கள் தெரிந்தால், ரூல் மொழியில் சாதாரண புரோகிராம் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். நிஜமாகவே வரிசை தேவைப்பட்டால் அதைக் கட்டங்களாகப் பிரியுங்கள்: உள்ளீட்டைச் சரிபார்ப்பது, இடைநிலை மதிப்புகளை வருவிப்பது, முடிவெடுப்பது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அஜெண்டா குரூப் (சேர்ந்து ஓட வேண்டிய ரூல்களின் தொகுதி) போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குரூப்கள் அடுக்கு முறையில் நிற்கும், கடைசியாக ஃபோகஸ் கொடுத்ததுதான் முதலில் ஓடும். ஆகவே ஃபோகஸ் கொடுக்கும் செட்ஃபோகஸ் அழைப்புகளைத் தலைகீழாக எழுத வேண்டும். எந்தக் குரூப்பிலும் சேராத ரூல்கள் மெயின் குரூப்பில் இருக்கும். அதன் முறை கடைசியில்தான் வரும்.

முடிவில்லாச் சுழற்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதல் ரூல்: ஆர்டரின் மொத்தம் 1000-க்கு மேல் என்றால் தள்ளுபடியை 10 சதவீதமாக வை. இரண்டாவது ரூல்: தள்ளுபடி 0-க்கு மேல் என்றால் மொத்தத்தைத் திரும்பக் கணக்கிடு. இரண்டிலும் நோ-லூப் இருக்கிறது, மொத்தம் 5000. ஓட்டினால் எரர் எதுவும் வராது. சிபியு 100 சதவீதத்தில் நிற்கும், ரூல்களை ஓட்டும் ஃபயர்ஆல்ரூல்ஸ் அழைப்பு திரும்பி வராது. சில சுற்றுகளில் மொத்தம் 1000-க்குக் கீழே இறங்கித் தானாக நின்றுவிட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் தவறான தொகை சத்தமில்லாமல் வெளியே போகும். நோ-லூப் ஏன் காப்பாற்றவில்லை? ஒரு ரூல் தன் செயலாலேயே தன்னைத் திரும்பத் தூண்டுவதை மட்டும்தான் அது தடுக்கும். இங்கே முதலாவது இரண்டாவதைத் தூண்டுகிறது, இரண்டாவது முதலாவதைத் தூண்டுகிறது.

உடனே லாக்-ஆன்-ஆக்டிவ் (குரூப் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக உருவாகும் பொருத்தங்களை ஓடவிடாத குறிப்பு) போடச் சிலர் சொல்வார்கள். சுழற்சி நிற்கும், உண்மைதான். ஆனால் நியாயமாக மறுபடி ஓட வேண்டிய ரூல்களையும் அது அமுக்கிவிடும். சரியான மருந்து தரவு அமைப்பில் இருக்கிறது: உள்ளே வந்த மொத்தத்தை எந்த ரூலும் தொடக்கூடாது, செலுத்த வேண்டிய தொகைக்குத் தனி ஃபீல்டு வையுங்கள். இரண்டாவது ரூல் அந்த ஃபீல்டை மட்டும் மாற்றினால் முதல் ரூல் அசையாது. ட்ரூல்ஸ் 7 முதல் பிராப்பர்ட்டி ரியாக்டிவிட்டி இயல்பாகவே இயங்குகிறது. தன் நிபந்தனையில் வரும் ஃபீல்டுகள் மாறினால்தான் ரூல் மறுபடி மதிப்பிடப்படும். இதன் பலன் முழுதாகக் கிடைக்க மாற்றங்களை, எஞ்சினுக்கு அறிவிக்கும் மாடிஃபை பிளாக்குக்குள் எழுதுங்கள். வெறும் செட்டரை (ஃபீல்டின் மதிப்பை மாற்றும் ஜாவா மெத்தட்) அழைத்துவிட்டு விட்டால் ஃபேக்ட் மாறிய செய்தியே எஞ்சினுக்குப் போகாது. டெஸ்ட்களில் ஃபயர்ஆல்ரூல்ஸுக்கு ஓர் உச்சவரம்பு எண் கொடுங்கள், 10,000 என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வரும் எண்ணிக்கை அந்த வரம்பையே தொட்டிருந்தால் டெஸ்ட் தோற்க வேண்டும். சுழற்சிகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

"ரூல் ஓடவில்லை" என்ற புகார் வந்தால் கண்டபடி லாக் (பதிவு) வரிகள் போடுவதற்கு முன் ஓர் அஜெண்டா ஈவென்ட் லிஸனரை இணையுங்கள். பொருத்தம் உருவானது, ரத்தானது, ஓடியது என மூன்று தகவல்களும் கிடைக்கும். உருவாகிப் பின் ரத்தாகியிருந்தால், இடையில் வேறொரு ரூல் ஃபேக்டை மாற்றியிருக்கிறது. அந்த ரூலைத் தேடுங்கள். உருவாகவே இல்லை என்றால் குரூப்புக்கு ஃபோகஸ் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து ஃபேக்டின் கிளாஸ்: வேறு பேக்கேஜில் அதே பெயரில் இன்னொரு கிளாஸ் இருந்து, ரூல் அதை இம்போர்ட் செய்திருந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொருந்தாமல் போகும். அதுவும் இல்லையென்றால் நிபந்தனைகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கமென்ட் செய்துகொண்டே வாருங்கள். எதை எடுத்ததும் ஓடுகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் அது ஒரு null (வெறுமை) மதிப்பாகவோ, எழுத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஓர் இடைவெளியாகவோ இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. நிபந்தனையில் கணக்கிட்டுத் தரும் கெட்டரை (மதிப்பைத் திருப்பித் தரும் மெத்தட்) பயன்படுத்துகிறீர்கள்: முழுப்பெயர் என்பது முதல்பெயரும் குடும்பப்பெயரும் சேர்ந்தது. மாடிஃபை பிளாக்கில் முதல்பெயரை மாற்றுகிறீர்கள். முழுப்பெயரும் மாறிவிட்டது என்று எஞ்சினுக்கு யார் சொல்வது? அந்த செட்டரின் மேல் மாடிஃபைஸ் அனோட்டேஷன் போட வேண்டும், அல்லது ரூலில் வாட்ச் அனோட்டேஷன் வைத்து முதல்பெயரையும் கவனிக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு முறை ஓடுவதற்குக் காரணங்கள் குறைவு, எல்லாம் தெரிந்தவையே. இரண்டு பேட்டர்ன்களுக்கு (ஃபேக்டோடு பொருத்திப் பார்க்கும் நிபந்தனைகள்) இடையே 'ஆர்' போட்டால் எஞ்சின் அந்த ரூலை உள்ளுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் உண்மையானால் இரண்டு முறை ஓடும். ஒரே பேட்டர்னுக்குள் ஃபீல்டுகளுக்கு இடையே போடும் 'அல்லது' குறிக்கு இந்தச் சிக்கல் இல்லை. "ஏதாவது ஒன்று இருந்தால் போதும்" என்ற இடத்தில் எக்ஸிஸ்ட்ஸ் போடாவிட்டால் பொருந்தும் ஒவ்வொரு ஃபேக்டுக்கும் ஒரு முறை ஓடும். நகல் தேடும் ரூல்களில் ஒரே வகை ஃபேக்டை இரண்டு முறை எழுதும்போது, அதே பொருளே இரண்டு இடத்திலும் வந்து உட்காரும். முதலும் இரண்டும், இரண்டும் முதலும் எனத் தலைகீழ் ஜோடியும் வரும். ஒன்றின் எண் மற்றதைவிடச் சிறியது என்ற ஒரே நிபந்தனை இரண்டையும் தீர்க்கும்.

நாட் ('இப்படி ஒரு ஃபேக்ட் இல்லை') நிபந்தனைக்கும் ஓர் எச்சரிக்கை. எல்லா ஃபேக்ட்களையும் உள்ளே போட்டு முடிக்கும் முன் ஃபயர்ஆல்ரூல்ஸை அழைத்தால், "ஆவணம் இல்லை" என்ற ரூல் முந்திக்கொண்டு ஓடிவிடும்.

வேகத்தைப் பற்றி: சார்ல்ஸ் ஃபோர்கி 1970களில் உருவாக்கிய ரெட்டே அல்காரிதம்தான் இந்த எஞ்சினின் வேர். ட்ரூல்ஸ் 6 அதை ஃப்ரீக் என்ற வடிவத்துக்கு மாற்றியது. மதிப்பீட்டைத் தேவைப்படும்வரை தள்ளிப்போடுவது அதன் குணம். எனவே ரூலின் வென் பகுதி (நிபந்தனைகள்) எப்போது, எத்தனை முறை மதிப்பிடப்படும் என்று கணக்குப் போடாதீர்கள். அங்கே டேட்டாபேஸை அழைப்பது, கவுன்ட்டரைக் கூட்டுவது எல்லாம் வேண்டாம். எந்த அல்காரிதமும் காப்பாற்றாத தவறு ஒன்று உண்டு: இணைப்பு நிபந்தனை இல்லாத இரண்டு பேட்டர்ன்கள். 1000 வாடிக்கையாளர், 1000 ஆர்டர், நடுவில் ஒன்றும் இல்லை என்றால் 10 லட்சம் ஜோடிகள். வாடிக்கையாளர் எண்ணைச் சமக்குறியால் இணைத்தால் எஞ்சின் இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளும். அதையே இவால் (கோடை அப்படியே இயக்கிப் பார்க்கும் நிபந்தனை) உள்ளே எழுதினால் இண்டெக்ஸ் கிடையாது. கூட்டுத்தொகை வேண்டுமென்றால் கலெக்ட் செய்து ஜாவாவில் கூட்டாமல் அக்யூமுலேட் பயன்படுத்துங்கள். கேபேஸைக் (கம்பைல் ஆன ரூல்களின் தொகுப்பு) கட்டுவதுதான் செலவுள்ள வேலை, அதை ஒரு முறை கட்டி வையுங்கள். ஃபேக்ட்களைப் போட்டு ரூல்களை ஓட்டும் செஷன் மலிவானது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக எடுக்கலாம். ஃபேக்ட்களைத் தக்கவைக்கும் ஸ்டேட்ஃபுல் செஷனை டிஸ்போஸ் செய்யாமல் விட்டால் மெமரி மெல்ல மெல்ல ஏறும்.

எக்ஸெல் டெசிஷன் டேபிள்களைத்தான் (ஒவ்வொரு வரிசையும் ஒரு ரூலாகும் அட்டவணை) துறை ஆட்கள் விரும்புவார்கள். "அவர்களே ரூல் எழுதுவார்கள்" என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம்; கட்டங்களில் உள்ள மதிப்பை அவர்கள் மாற்றுவார்கள், அதுவே பெரிய பலன்தான். தொல்லை எல்லைகளில் வரும். ஒரு வரிசையில் 0 முதல் 1000, அடுத்ததில் 1001 முதல் 5000. தொகை 1000.50 வந்தால் எந்த வரிசையும் பொருந்தாது, முடிவு வெறுமையாகத் திரும்பும். கீழெல்லையை 'சமம் அல்லது அதிகம்', மேலெல்லையை 'குறைவு' என்று எல்லா வரிசையிலும் வைத்தால் இந்த ஓட்டை அடையும். காலிக் கட்டத்துக்கு "மதிப்பு காலியாக இருக்க வேண்டும்" என்று அர்த்தம் இல்லை, அந்த நிபந்தனையே கிடையாது என்றுதான் அர்த்தம். வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் இரண்டும் ஓடும், கடைசியாக ஓடியது மிஞ்சும். அதனால் தூய அட்டவணை வேலைக்கு டிஎம்என் (முடிவுகளை எழுதுவதற்கான தரநிலை) அட்டவணையும், ஒரு வரிசைதான் பொருந்தலாம் என்ற யுனிக் ஹிட் பாலிசியும் மேல். இரண்டு வரிசை பொருந்தினால் அது பிழையாகவே காட்டும். பணத்துக்குத் தோராயமான டபுள் வகை வேண்டாம், துல்லியமான பிக்டெசிமல் வையுங்கள்.

பழைய பதிப்பில் ஓடும் ரூல்களை 7-க்கோ அதற்கு மேலோ ஏற்றும்போது கம்பைல் ஆகிவிட்டதே என்று நிம்மதியடைய வேண்டாம். 6-இல் எந்த ஃபீல்டு மாறினாலும் ரூல் திரும்ப மதிப்பிடப்பட்டது. அதை நம்பி எழுதிய ரூல்கள் இப்போது ஓடாமல் போகலாம். ட்ரூல்ஸ் பிராப்பர்ட்டிஸ்பெசிஃபிக் அமைப்பை அலவ்டு என்று வைத்துப் பழைய நடத்தையைத் தற்காலிகமாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பின் ஒவ்வொரு முடிவோடும் எந்தெந்த ரூல்கள் ஓடின என்ற பெயர்ப்பட்டியலைச் சேமித்து, ஒரே உள்ளீட்டை இரண்டு அமைப்பிலும் ஓட்டி, பட்டியல் வேறுபடும் ரூல்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.