பூந்திக்கொட்டை: பாட்டிலில் வாங்குவதா, கொட்டையாக வாங்குவதா?

இயற்கை அங்காடி ஒன்றில் 'பூந்திக்கொட்டை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பாத்திரம் கழுவும் லிக்விட் வாங்கினேன். அரை லிட்டருக்கே 300 ரூபாயைத் தொடுகிறது. பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் முதலில் தண்ணீர், அடுத்து சோடியம் லாரெத் சல்பேட், அதாவது சாதாரண ஷாம்பூவில் நுரைக்காகப் போடும் அதே சரக்கு. பூந்திக்கொட்டைச் சாறு வாசனைக்கு முந்தின இடத்தில், பட்டியலின் கடைசியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. பாத்திரம் பளிச்சென்றுதான் ஆகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குச் சாதாரண லிக்விடே போதுமே, எதற்கு இந்த விலை?

சரி, அசல் சரக்கையே பார்ப்போம் என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கொட்டையாகவே வாங்கினேன். நுரைக்குக் காரணமான சப்போனின் முழுக்க மேல்தோலில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் கறுப்பு விதையால் எடை கூடுமே தவிர நுரைக்கு ஒரு பயனும் இல்லை. அதனால் விதை நீக்கியது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நல்ல தோல் சுருங்கி, தேன் நிறத்தில், விரலில் லேசாக ஒட்டும்.

பத்துப் பன்னிரண்டு தோலை ஒரு லிட்டர் வெந்நீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து துணியில் வடிகட்டினால் போதும். பெரிய பாத்திரமாக வையுங்கள், பால் மாதிரி பொங்கி அடுப்பெல்லாம் வழியும். புளிச்ச வாடை ஒன்று வரும், அலசினால் போய்விடும்.

இது பட்டுப் புடவைக்கு அருமை. பட்டு புரத நார், சோப்பின் காரம் அதற்கு ஆகாது. பூந்திக்கொட்டைத் தண்ணீரோ லேசான அமிலத்தன்மை உள்ளது. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு திரிந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டும், இதில் அந்தத் தொல்லை இல்லை. வெள்ளி நகையைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் இடுக்கில் இருக்கிற அழுக்கெல்லாம் வந்துவிடுகிறது. நகைக்கடைக்காரர்கள் காலங்காலமாக இதைத்தானே செய்கிறார்கள்.

எண்ணெய்ப் பாத்திரத்துக்கு மட்டும் நம்பாதீர்கள். சப்போனினின் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் பிடிக்கும் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் வடை சுட்ட வாணலியில் ஊற்றினால் நுரை அப்படியே படுத்துவிடுகிறது, பிசுக்கு பிசுக்காகவே கிடக்கிறது. டீ டம்ளர், தயிர்க் கிண்ணம் என்றால் பரவாயில்லை. வெள்ளை வேட்டிக்கும் வேண்டாம், பழுப்பு ஏறுகிறது.

அப்புறம், கண்ணில் பட்டால் எரிச்சல் உயிர் போகும், தலைக்குத் தேய்ப்பவர்கள் கவனம். மீன் தொட்டியைக் கழுவவும் எடுக்காதீர்கள், சப்போனின் மீனுக்கு விஷம். வடித்த தண்ணீர் வெளியில் வைத்தால் ஓரிரு நாளில் கெட்டுவிடும், பிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். எங்கள் வீட்டில் ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்து, புடவை துவைக்கும்போது நாலைந்து கட்டியை வாளியில் போட்டுக்கொள்கிறோம். அந்த டிரேயைத் தனியாக வைத்துவிடுங்கள், ஜூஸில் விழுந்தால் கசப்பு தாங்காது.