லூப்பும் குச்சியும் சேர்ந்த ஆண்டெனா கிட்: வேலை செய்கிறது, கையேட்டை நம்பாவிட்டால்

ஒரு திசையிலிருந்து வரும் வானொலி நிலையத்தை மறைக்க உதவும் இந்த கிட்டோடு மூன்று வாரம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். 10 மி.மீ. அலுமினியக் குழாயில் 1 மீட்டர் விட்டமுள்ள லூப் (வளைய ஆண்டெனா), ஒரு குட்டைக் குச்சி ஆண்டெனா, இரண்டுக்கும் தனித்தனி ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று), இரண்டின் சிக்னலையும் கூட்டும் ஒரு பெட்டி. பெட்டியில் குச்சியின் அளவுக்கு ஒரு குமிழ், ஃபேஸை, அதாவது சிக்னல் அலை ஏறி இறங்கும் நேரத்தை, கொஞ்சம் நகர்த்த ஒரு குமிழ், அதையே கால் அலை நகர்த்த '90 டிகிரி' என்று ஒரு சுவிட்ச்.

லூப் தனியாக எட்டு வடிவத்தில் கேட்கும். முன்னும் பின்னும் ஒன்றுதான், இரு பக்கவாட்டிலும் கேட்காது. குச்சியைச் சேர்த்தால் ஒரு பக்கம் கூடி, எதிர்ப்பக்கம் கழிந்து, நிலையம் காணாமல் போக வேண்டும். நான் இதை வாங்கியதே அதற்காகத்தான். 90 டிகிரி சுவிட்சைப் போடச் சொல்கிறது கையேடு. போட்டேன். லூப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் நிலையம் மறையவே இல்லை. அளவுக் குமிழை முழுக்கச் சுற்றியும் பயனில்லை. லூப்பின் இரு முனைகளையும் மாற்றிக் கோத்தேன். அப்போதும் எந்த வித்தியாசமும் இல்லை.

அங்கேதான் பொறி தட்டியது. இரண்டும் ஒரே ஃபேஸிலோ நேரெதிராகவோ இருந்தால், முனையை மாற்றியதும் கழியும் பக்கம் புரண்டிருக்க வேண்டும். புரளவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி விலகல் நிற்கிறது. அதைப் போக்க வேண்டிய சுவிட்சே அதை உண்டாக்குகிறது!

காரணம் ப்ரீஆம்பில் இருக்கிறது. லூப்பில் தூண்டப்படும் மின்னழுத்தம் மின்புலத்திலிருந்து 90 டிகிரி விலகியிருப்பது உண்மைதான். உள்ளீட்டு மின்தடை அதிகமுள்ள ப்ரீஆம்ப் என்றால் அந்தச் சுவிட்ச் தேவை. இந்த கிட்டில் இருப்பதோ 4 ஓம் உள்ளீடு. லூப்பைக் கிட்டத்தட்ட ஷார்ட் செய்து மின்னோட்டத்தை எடுக்கிறது. லூப்பின் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) அந்த மின்னோட்டத்தை இன்னொரு 90 டிகிரி நகர்த்துவதால் குச்சியோடு கணக்கு நேராகிவிடுகிறது. சுவிட்சை அணைத்தேன். அடுத்த நிமிடமே, பட்டப்பகலில் பலமாகக் கேட்கும் ஒரு மீடியம் வேவ் நிலையம் இரைச்சலுக்குள் அமிழ்ந்தது. அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் குறைந்த அதிர்வெண்களில் மறைவு ஆழமாக இல்லை, நிலையம் முழுதாக மறைவதில்லை. இந்த லூப்பின் இண்டக்டன்ஸ் சுமார் 3 மைக்ரோஹென்றி. 1 மெகாஹெர்ட்ஸில் அது காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய 19 ஓம். 4 ஓம் அதன் பக்கத்தில் 12 டிகிரி பிழை தருகிறது. 500 கிலோஹெர்ட்ஸில் பிழை 23 டிகிரி. 7 மெகாஹெர்ட்ஸில் 2 டிகிரிகூட இல்லை. ஃபேஸ் குமிழ் இதைச் சரிக்கட்டுகிறது, ஆனால் அலைவரிசை மாற்றும் போதெல்லாம் தொட வேண்டும். இதைக் குறையென்று சொல்ல மாட்டேன்.

கேபிள்தான் உண்மையான குறை. ஆண்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைக் கையால் பிடித்தாலே மறைவு இடம் மாறுகிறது. கேபிளின் வெளியுறையே இன்னொரு குச்சி ஆண்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை அடக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள் வளையம்) ஒன்றுகூட கிட்டில் வைக்கவில்லை. பெரிய ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துச் சுற்று சுற்றி லூப்பின் அடியில் வைத்த பிறகு அடங்கியது. வாங்குபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். அப்புறம், குச்சியைக் கழற்றிவிட்டு லூப்பை மட்டும் சுற்றிப் பாருங்கள். அதன் இரண்டு மறைவுகளும் ஆழமாக, எதிரெதிராக வராவிட்டால் பெட்டியின் குமிழ்களைத் தொடுவதே வீண். சோதனையைப் பகலில், தரையலையாக, அதாவது தரையை ஒட்டி, வரும் நிலையத்தை வைத்துச் செய்ய வேண்டும். இரவில் வானில் பட்டுத் திரும்பி மேலிருந்து வரும் அலை எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

குழாய், இணைப்பிகள், மழைக்கான மூடி எல்லாம் நல்ல வேலைப்பாடு. ப்ரீஆம்பின் இரைச்சலும் குறைவு. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். போன ஒன்று கையேட்டுக்கும் ஃபெரைட்டுக்கும். விற்றவர்களுக்கு என் அளவீடுகளை அனுப்பியிருக்கிறேன். கையேட்டைத் திருத்தும்வரை வாங்குபவர்கள் அந்தச் சுவிட்சை அணைத்தே வையுங்கள்.