வியாழன் இரவு ஏழரை, மேல்மாடி அறை

"குடியை விடுகிற கூட்டத்துக்கெல்லாம் யாராவது விமர்சனம் எழுதுவாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். சாப்பாட்டுக் கடைக்கு எழுதுகிறார்கள், வாட்டர் ஹீட்டருக்கு எழுதுகிறார்கள். போன வருஷம் நான் ராத்திரி ராத்திரியாகத் தேடியபோது தமிழில் ஒன்றும் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தினமும் குடிக்கிறவர் தானாகவே ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். நான் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் நாள் காலையில் காப்பிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. கை அப்படி ஆடியது. வலிப்புகூட வந்திருக்கும் என்று டாக்டர் அப்புறம்தான் சொன்னார். இங்கே சிங்கப்பூரில், புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்தில் இதற்கென்றே நேம்ஸ் என்ற பிரிவு இருக்கிறது. உதவித் தொலைபேசி 6732 6837. மருந்து, ஆலோசனை எல்லாம் அங்கே கிடைக்கும். "மனநலக் கழகமா? எனக்கென்ன பைத்தியமா?" என்று நானும் குதித்தவன்தான். போய்விட்டு வாருங்கள், ஒன்றும் ஆகாது.

அதற்கு முன்னால் ஒரு தனியார் இடத்துக்குப் போன் போட்டிருந்தேன். ஒரு மணி நேரப் பேச்சுக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, கீழே கடைக்குப் போய் மூன்று டின் வாங்கிக்கொண்டு வந்தேன். மணி 10.20. இரவு 10.30க்கு மேல் கடையில் மது விற்கக் கூடாது என்ற சட்டம் 2015இல் வந்தது. அது எனக்குக் கற்றுக்கொடுத்தது கடிகாரம் பார்க்க மட்டும்தான்.

நான் இப்போது போவது ஏ.ஏ. வழியில் நடக்கும் கூட்டம். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும் ஆரம்பித்தது. இருவருமே குடியில் மூழ்கி எழுந்தவர்கள். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், போட்டால் போடலாம். முழுப் பெயர், வேலை, அடையாள அட்டை எதுவும் கேட்பதில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும்.

இடம் ஒரு தேவாலயத்தின் மேல்மாடி. வழி கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. பெயர்ப்பலகை இல்லை, முன் கேட் பூட்டு. பக்கவாட்டில் நின்று திரும்பிவிடலாமா என்று யோசித்தபோது காவலர் பார்த்துவிட்டார், நம்ம ஆள். "மீட்டிங்" என்று மட்டும் முணுமுணுத்தேன். "ரெண்டாவது மாடி, தம்பி. காப்பி இருக்கும், போங்க" என்றார். எந்த மீட்டிங் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவர் கேட்டிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், பிஸ்கட் டின், பாலும் சீனியும் கலந்தே வரும் த்ரீ-இன்-ஒன் காப்பித் தூள். ஏர்கான் எலும்பைத் துளைக்கும், ஜாக்கெட் கொண்டுபோங்கள். கூட்டத்தில் ஒரு ஜெபம் வரும். நான் முருகனை நினைத்துக்கொள்வேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. நம் குடும்பங்களில் இது நடக்கிற காரியமா? ஸ்பான்சர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பணம் கொடுக்கிறவர் என்றுதான் முதலில் நினைத்தேன். குடிக்கத் தோன்றும்போது நாம் போன் போடுகிற, நமக்கு முன்னாலேயே விட்ட ஒருவர், அவ்வளவுதான். என்னுடையவர் ராத்திரி இரண்டு மணிக்கும் எடுத்திருக்கிறார். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. என் மனைவி இன்னும் போகவில்லை. அது அவள் விஷயம்.

குறை என்றால் மொழி. நான் போகும் கூட்டம் முழுக்க ஆங்கிலம். லிஃப்ட் ரிப்பேர்க்காரன் ஆங்கிலம் எவ்வளவு தூரம் ஓடும்? ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "ஐ ஆம் அன் ஆல்கஹாலிக்" என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்கிற மாதிரி. தமிழில் அந்த வார்த்தை, அம்மா வாசலில் நின்று அப்பாவைப் பார்த்துக் கத்திய வார்த்தை. அதை என்னைப் பற்றி நான் சொன்னதே இல்லை.

நாலாவது மாதம் ஒரு பெரியவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சொன்னது எதையும் எழுத மாட்டேன், அறையில் கேட்டது அறையோடு. நான் சொன்னதை எழுதலாம். என் முறை முடிந்ததும் "என்ன தம்பி சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். குடிநோயாளி என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன், துண்டுப் பிரசுரத்தில் போடுவார்களே, அது. வரவில்லை.

"குடிகாரன்னு சொன்னேன், ஐயா."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது பின்வரிசையில் ஓரமாக நாங்கள் இரண்டு பேரும் உட்காருகிறோம். அவர் காதில் நான் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பேன். மூன்றாவது நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. பக்கவாட்டு கேட் வழியாக வாருங்கள்.